பெஞ்சில் யார், எவ்வளவு நேரம்? திண்டுக்கல் சமவெளியின் டீக்கடைகளில் உட்காரும் உரிமை

1. கேள்வியும் எல்லையும்

ஒரு டீயோ காபியோ வாங்கிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது முறையா? பெருநகரங்களின் குளிரூட்டப்பட்ட காபிக் கடைகளைப் பற்றி எழுதுபவர்கள் இதை வாடிக்கையாளரின் நாகரிகம் சார்ந்த கேள்வியாகவே எழுப்புகிறார்கள். மடிக்கணினியை விரித்து ஒரே கோப்பையோடு அரைநாள் ஓட்டுபவர், நான்கு பேர் அமரும் மேசையைத் தனியாளாகப் பிடித்துக்கொள்பவர் என்று கண்டனத்துக்குரியோர் பட்டியல் நீளும். இந்த அறிவுரைகளுக்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. இடம் கடைக்காரருடையது, வாங்கிய பண்டத்தின் விலைக்குள் கொஞ்ச நேரமும் அடக்கம், அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் இன்னொன்று வாங்க வேண்டும், இல்லையேல் எழுந்துகொள்ள வேண்டும்.

திண்டுக்கல் நகரத்திலும் அதைச் சுற்றி வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று விரியும் சமவெளியிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வருவதில்லை. ஒரே கடையில், ஒரே விலைக்கு, ஒரே டீயை வாங்கிய இருவரில் ஒருவர் பத்திரிகையின் கடைசிப் பக்கம்வரை படித்து முடித்துவிட்டுக் காலை வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் கிளாஸை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று, சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் போய்விடுகிறார். இருவரையும் யாரும் எதுவும் சொன்னதில்லை.

அந்தச் சொல்லாமைதான் இக்கட்டுரையின் பொருள். இங்கே ஒருவர் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதை அவர் கொடுத்த காசைவிட, அவர் அங்கே உட்காரத் தக்கவரா என்ற பழைய தீர்ப்பே முடிவு செய்கிறது என்பது என் வாதம். அச்சில் உள்ள ஆய்வுகள், சட்டத்தின் வாசகம், இந்தக் கடைகளில் டீ குடிக்கும் எவரும் காணக்கூடிய நடைமுறை ஆகிய மூன்றையும் சான்றாகக் கொள்கிறேன். மூன்றாவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்ப்பவருக்குத் தெரிவதும் கடைக்கு எதிரே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதும் ஒன்றல்ல. நம் எழுத்தில் டீக்கடையைப் பற்றி வந்திருப்பவை பெரும்பாலும் பெஞ்சிலிருந்து பார்த்தவை.

2. இதுவரையிலான புரிதல்

காபிக் கடையில் நேரம் போக்குவதைக் குற்றமாகப் பார்ப்பது புதிதல்ல. 1675 டிசம்பரில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் காபி இல்லங்களை மூடும்படி ஆணை பிறப்பித்தார். வேலையற்றவர்கள் அங்கே கூடுகிறார்கள், தொழில் செய்பவர்களும் நேரத்தை வீணடிக்கிறார்கள், அரசைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். எதிர்ப்பு பலமாக இருந்ததால் சில நாள்களிலேயே அந்த ஆணை கைவிடப்பட்டது. அரசர் எதைக் கண்டு அஞ்சினாரோ அதையே ஜெர்மானியச் சிந்தனையாளர் யூர்கன் ஹாபர்மாஸ் 1962-இல் வெளிவந்த நூலில் பெருமைக்குரியதாக எடுத்துக்காட்டினார். அந்தஸ்தைப் பாராமல் அந்நியர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அரசியல் பேசிய அந்த இல்லங்களில்தான் பொதுக்கருத்து என்ற ஒன்று உருவானது என்பது அவர் வாதம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல், வீடும் வேலையிடமும் போக மனிதர்களுக்கு மூன்றாவதாக ஓரிடம் வேண்டும் என்றும், அவசரமில்லாமல் அங்கே இருக்க முடிவதே அதன் உயிர் என்றும் எழுதினார். அமெரிக்கச் சிந்தனையாளர் நான்சி ஃபிரேசர் 1990-இல் ஹாபர்மாஸுக்கு எழுதிய மறுப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்தஸ்து இல்லாததுபோல் பாவிப்பதால் அந்தஸ்து மறைந்துவிடாது; பெண்களும் உழைக்கும் வர்க்கமும் வெளியே நின்றதால்தான் உள்ளே இருந்தவர்கள் தங்களைச் சமமானவர்களாக எண்ணிக்கொள்ள முடிந்தது என்கிறார் அவர்.

இந்தியாவில் இந்த விவாதத்தின் புகழ்பெற்ற களம் கல்கத்தா. காலேஜ் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் 1942-இல் காபி வாரியம் திறந்த காபி ஹவுஸில், பால் கலக்காத ஒரு காபியோடு பிற்பகல் முழுவதும் இருந்தவர்களின் கதைகள் வங்காளத்தில் ஏராளம். நாட்டின் பிற இடங்களில் வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் முன்முயற்சியில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் 1957 முதல் இந்தியன் காபி ஹவுஸ்களை ஏற்று நடத்தின. பரிமாறுபவரே பங்குதாரர் என்றான இடங்களில் நெடுநேரம் இருப்பவரை எழுப்பும் அவசரம் குறைந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வங்காளிகளின் அட்டா என்னும் அரட்டை மரபைப் பற்றி எழுதிய தீபேஷ் சக்ரவர்த்தி, அதன் மீதான ஏக்கத்தையும் அதன் ஆண்தன்மையையும் சேர்த்தே பதிவு செய்தார்.

தமிழுக்கு வந்தால், ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' தொகுப்பைத் தவிர்த்துவிட்டு எதுவும் பேச முடியாது. காபி பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்த கதையையும், காபி ஹோட்டல்களுக்குள் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்ததையும் அவர் ஆவணங்களோடு காட்டினார். ஆக, தமிழ்நாட்டுக் காபி ஹோட்டல் அந்தஸ்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நுழையும் இடமாகத் தொடங்கவில்லை. எங்கே உட்காருவது என்பது அங்கே முதல் நாளிலிருந்தே தகராறுக்குரிய விஷயம்.

டீக்கடையைத் தனியாக ஆராய்ந்தவர்களில் பிரான்சிஸ் கோடி முக்கியமானவர். தினமலரின் 'டீக்கடை பெஞ்ச்' பகுதியைப் பற்றி 2011-இல் வெளியான அவருடைய கட்டுரை, கடையில் பேசியது பத்திரிகைக்கும் பத்திரிகையில் வந்தது மீண்டும் கடைக்கும் எதிரொலிக்கும் விதத்தைப் பின்தொடர்கிறது. அந்தப் பகுதியில் வழக்கமாகப் பேசுபவர்களின் பெயர்களையும் நாம் கவனிக்க வேண்டும்: அந்தோணிசாமி, அன்வர்பாய், குப்பண்ணா. மூன்று மதங்களும் ஒரே பெஞ்சில் இருக்கின்றன. சாதி இல்லை, பெண் இல்லை. தமிழ்ப் பொதுவெளி தன்னைப் பற்றி வரைந்துகொண்ட சித்திரம் இது. மதங்களை அது உட்கார வைத்துவிட்டது, சாதியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

3. பெஞ்சின் எழுதாத விதிகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் காபி விளைகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரக் கீழ்ப்பழனி மலைகளிலும் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறுமலையிலும் தோட்டங்கள் உண்டு. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி காபிக் கொட்டை பதப்படுத்தும் ஊர். ஆனாலும் சமவெளியின் பெஞ்சில் ஓடுவது டீதான். காபி குடிக்க வேண்டுமானால் ஹோட்டலுக்குப் போக வேண்டும், அல்லது வீட்டில் டிகாஷன் இறக்க வேண்டும். மில் ஷிப்ட், தோல் ஷாப்பு, பூட்டுப் பட்டறை, காய்கறிக் கமிஷன் கடை, பூ மார்க்கெட் என்று விடிவதற்கு முன்பே தொடங்கும் தொழில்களைக் கொண்ட ஊர்களுக்கு, கொதித்துக்கொண்டே இருக்கும் பாய்லரும் மூன்று நிமிடத்தில் கைக்கு வரும் கிளாஸும்தான் தோது.

ஹோட்டலிலும் டீக்கடையிலும் நேரத்தின் முறை வேறு. ஹோட்டலில் மேசை உண்டு, சர்வர் உண்டு, பில் உண்டு. "வேற என்ன சார்?" என்பது முதல் மணி. பில்லைக் கிழித்து டபராவுக்கு அடியில் செருகுவது இரண்டாவது. ஈரத்துணியால் மேசையைத் துடைக்க வரும் பையன் மூன்றாவது. அவன் துணி உங்கள் முழங்கையைத் தொட்ட பிறகும் இருப்பவர் தடித்த தோல்காரர். கூட்ட நேரத்தில் அடுத்து உட்கார வேண்டியவர் உங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொள்வார். வெளியூர்க்காரருக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியும். உள்ளூரில் இது வரிசை. நிற்பவருக்கும் கோபமில்லை, சாப்பிடுபவருக்கும் கூச்சமில்லை.

டீக்கடையில் இந்த மணிகள் எதுவும் கிடையாது. அங்கே முதல் விதி கிளாஸைப் பற்றியது. கிளாஸ் கையில் இருக்கும்வரை நீங்கள் வாடிக்கையாளர். கழுவப் போய்விட்டால் வெறும் ஆள். ஆகவே அடியில் ஒரு மடக்கை விட்டுவைத்து, அது ஆறி ஆடை படிந்த பிறகும் கிளாஸைப் பக்கத்திலேயே வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். கிளாஸ் கழுவும் பையனுக்கும் இது தெரியும். அடியில் டீ இருக்கும் கிளாஸை எடுக்க மாட்டான்.

இரண்டாவது விதி பத்திரிகையைப் பற்றியது. சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும் நடையால் டீக்கடையைத் தன் வாசகசாலையாக்கிக்கொண்டது. கடைக்கு வருவது ஒரே பிரதி. வந்த சிறிது நேரத்தில் அது தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சு முழுவதும் பரவிவிடும். ஒருவர் கையில் உள்ள தாளைக் கேட்கக் கூடாது, அவர் கீழே வைத்ததும் எடுக்கலாம். தோளுக்குமேல் எட்டிப் படிக்கலாம், அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கன்னித்தீவு படக்கதை உள்ள தாளை மட்டும் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கக் கூடாது. சத்தமாகப் படிப்பவருக்குச் சலுகை உண்டு: அவர் படிப்பது படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்படுவதால் அவருடைய நேரத்தை எவரும் அளப்பதில்லை.

மூன்றாவது, எழுப்பும் முறை. "எந்திரிங்க" என்ற சொல் கடைக்காரர் வாயிலிருந்து வராது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே, ஆளு நிக்கிறாங்க" என்பார். தள்ளி உட்கார இடமில்லாத பெஞ்சில் இதைச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். பழகியவர் என்றால், "அப்பறம் மாமா, தோட்டத்துப் பக்கம் போகலையா?" என்று கேட்பார். விசாரிப்பின் வடிவில் வரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவர் வேட்டியை மடித்துக் கட்டுவார். அண்ணன், மாமா, மாப்பிள்ளை, பங்காளி என்று முறை சொல்லிப் பேசும் இடத்தில் இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கும் முறைக்குள்ளேயே வழி வைத்திருக்கிறார்கள். இந்த நயத்தைப் பாராட்டலாம். யாருக்கு எந்த முறைப்பெயரும் சொல்லப்படுவதில்லை என்பதையும் அதே மூச்சில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த பகுதியில் வருகிறேன்.

உட்கார்ந்திருப்பவரால் கடைக்காரருக்கு நஷ்டம்தானா? காலை ஐந்து முதல் எட்டு வரையிலும் மாலை நான்கு முதல் ஆறு வரையிலும் உள்ள கூட்டத்தில், ஆம். மற்ற நேரங்களில் கதை வேறு. ஆளில்லாத கடைக்கு ஆள் வராது. பெஞ்சில் நாலு பேர் இருந்தால்தான் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். சாந்துச் சட்டியோடு வரும் கொத்தனாருக்குச் சித்தாள் தேவை, லோடு வண்டிக்காரருக்குக் கூலியாள் தேவை, மாடோ மனையோ விற்பவருக்குத் தரகர் தேவை. இவர்கள் தேடி வரும் முகவரி டீக்கடை. அங்கே உட்கார்ந்திருப்பவர் தம் நேரத்தைக் கொடுத்துக் கடைக்கு வேலை செய்கிறார் என்றே சொல்லலாம். மேலும், கணக்கு நோட்டு வைத்திருக்கும் கடைகளில் நெடுநேரம் உட்காருபவர் பெரும்பாலும் பாக்கி இல்லாதவர். பாக்கி ஏறிவிட்டவர் பெஞ்சைத் தவிர்த்து, டீயை வாங்கி வண்டியின் மேலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

கடைக்காரர் அஞ்சுவது நேரத்துக்கு அல்ல, பேச்சுக்கு. தமிழ்நாடெங்கும் டீக்கடைகளிலும் சலூன்களிலும் "இங்கு அரசியல் பேசக்கூடாது" என்ற அறிவிப்பைப் பார்த்திருக்கிறோம். "நெடுநேரம் உட்காராதீர்கள்" என்ற அறிவிப்பு அந்த அளவுக்குக் கண்ணில் பட்டதில்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தலில் மாயத்தேவரை நிறுத்தி இரட்டை இலைச் சின்னத்தில் முதல் வெற்றியைப் பெற்ற ஊர் இது. பேசக்கூடாது என்று எழுதிவைத்து அதற்குக் கீழேயே பேசுவதைக் கேட்டுக்கொண்டு டீ ஆற்றும் பழக்கம் இந்த ஊருக்கு அந்நியமானதல்ல.

4. குவளையை எண்ணிய சட்டம்

இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் ஏற்கெனவே பெஞ்சில் இருப்பவர்களுக்கு இடையிலானவை. பெஞ்சுக்கு வராதவர்களைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

மதுரை, திண்டுக்கல் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நிலவியதையும் பல வடிவங்களில் தொடர்ந்ததையும் எவிடன்ஸ், தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி போன்ற அமைப்புகளின் களப்பணிகள் வெளிக்கொண்டு வந்துள்ளன. தலித்துகளுக்குத் தனிக் குவளை, குடித்த குவளையை அவரே கழுவி வைப்பது, அதற்கும் முந்தைய காலத்தில் தேங்காய்ச் சிரட்டை. இந்தச் சான்றுகளில் குவளை முன்னால் நிற்கிறது, பெஞ்சு பின்னால் மறைகிறது. ஆனால் அதே விவரிப்புகளில் தரையில் குந்தி உட்காருவதும், கடைக்கு வெளியே நின்று குடிப்பதும் திரும்பத் திரும்ப வருகின்றன. உட்காரும் முறையும் குவளையைப் போலவே பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

குவளை ஏன் முன்னால் வந்தது? சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகளுக்கும் பொது உணவகங்களுக்கும் செல்வதில் பாகுபாடு கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955-இல் இயற்றப்பட்டு 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடைக்குள் நுழைவதைத் தடுப்பதையும், பொது உணவகத்தில் உள்ள பாத்திரங்களையும் பிற பொருள்களையும் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. "பிற பொருள்கள்" என்பதில் பெஞ்சும் அடங்கும் என்று வாதிட முடியும். நடைமுறையில் அது கடினம். இரண்டு வகைக் குவளைகளைக் காவல்துறை பறிமுதல் செய்து மகசர் எழுதலாம், புகைப்படம் எடுக்கலாம். ஒருவர் உட்காராமல் நின்றதற்கு எதை எடுத்துக் காட்டுவது? "நாங்க யாரையும் தடுக்கலையே சார், அவுங்களா நிக்கிறாங்க" என்று கடைக்காரர் சொன்னால் அந்த வாக்கியத்தில் சட்டத்துக்குப் பிடிகிடைப்பதில்லை.

ஆக, வழக்குக்கு அஞ்சிய கடைகளில் குவளை ஒன்றானது. பாகுபாடு பாத்திரத்திலிருந்து உடலுக்கு நகர்ந்தது: எங்கே நிற்பது, எவ்வளவு சீக்கிரம் நகர்வது, யாரோடு பேச்சுக் கொடுப்பது. இந்த நகர்வுக்குத் தோதாக வந்து சேர்ந்தது, குடித்ததும் தூக்கிப்போடும் கப். சில ஊர்களில் அது தலித்துகளுக்கு மட்டும் என்று தனிக்குவளையின் இடத்தைப் பிடித்ததாகவே புகார்கள் எழுந்தன. பிற ஊர்களில் எல்லோருக்கும் பேப்பர் கப் என்றானது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்பது சுகாதார ஏற்பாடாகவும் இருக்கலாம், எச்சில் பற்றிய அச்சத்துக்குக் கண்டுபிடித்த கௌரவமான தீர்வாகவும் இருக்கலாம். கப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களில் பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. தடை கண்டிப்பாக இருந்த மாதங்களில் பல கடைகளில் கண்ணாடி கிளாஸ் திரும்பியது. சுற்றுச்சூழல் ஆணையாக மட்டுமே பேசப்பட்ட அது, எவருடைய கிளாஸை எவர் கழுவுவது என்ற பழைய கேள்வியையும் கூடவே திரும்ப அழைத்துவந்ததை எழுதியவர்கள் குறைவு.

உட்காருவதே போராட்டமான வரலாறும் உண்டு. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரி பெரியார் நடத்திய தொடர் மறியலில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். சிலர் இதைப் பெயர்ப்பலகைச் சண்டையாகக் குறுக்குவார்கள். அந்தப் பலகை உள்ளே யார் எந்தத் தகுதியோடு உட்காருகிறார் என்பதை அறிவிக்கும் பலகை என்பதால்தான் போராட்டம் அவ்வளவு நாள் நீடித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் அமர்ந்து காபி கேட்டார்கள். தர மறுத்தார்கள், மாணவர்கள் கடை மூடும்வரை எழவில்லை. மறுநாளும் வந்தார்கள், இன்னும் பலரோடு. காபி கிடைக்காமலே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது அங்கே அரசியலானது. கடையில் நெடுநேரம் இருப்பது பற்றிய நாகரிக விதிகள் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. அந்த விதிகள் எந்த அனுமதியை முன்னமே எடுத்துக்கொண்டு பேசுகின்றனவோ அதையே அவர்கள் கேட்டார்கள்.

திண்டுக்கல் சமவெளிக்கு இதைப் பொருத்தும்போது ஓர் எதிர்வாதத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். நகரம் கிராமமல்ல. மணிக்கூண்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில் உள்ள கடைகளில் யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று எவருக்கும் தெரியாது. பெஞ்சு உண்மையிலேயே வந்தவருக்கு உரியது. இது பெருமளவு சரி. அதே காரணத்தால் அங்கே எவரும் நெடுநேரம் இருப்பதும் இல்லை. அடையாளம் தெரியாத இடத்தில் சமத்துவம் கிடைக்கிறது, அவகாசம் கிடைப்பதில்லை. அவகாசம் கிடைக்கும் ஊர்க்கடையில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். ஹாபர்மாஸ் இரண்டும் ஒரே மேசையில் கிடைத்ததாக எண்ணினார். நம் ஊரில் அவை ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் தனித்தனியே இருக்கின்றன.

5. தூக்குவாளியோடு வருபவர்கள்

பெண்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் பெஞ்சில் அவர்கள் இல்லை. ஊர்க்கடைக்குப் பெண் வருவது தூக்குவாளியோடு, பெரும்பாலும் சிறு பிள்ளையை அனுப்பி. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலும் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலும் விடியலிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு டீ, அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேருகிறது. அவர்கள் கடைக்குப் போவதில்லை. ஹோட்டல்களில் குடும்ப அறை என்று ஒன்று உண்டு, கணவனோடோ பிள்ளைகளோடோ வருபவர்களுக்கு. தனியாக வரும் பெண் அங்கே சாப்பிடலாம். சாப்பிட்ட பிறகு இருக்கலாமா?

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ராணடே ஆகியோர் மும்பையை வைத்து 2011-இல் எழுதிய நூல், பெண்ணின் பாதுகாப்பைப் பேசுவதைவிடக் காரணமின்றிச் சும்மா இருக்கும் உரிமையைக் கோர வேண்டும் என்று வாதிட்டது. பொது இடத்தில் பெண் எப்போதும் ஏதோ வேலையாக வந்தவளாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற அவர்களின் கவனிப்பு, பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் கைபேசியைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கும் எந்த மில் தொழிலாளிப் பெண்ணுக்கும் பொருந்தும். ஆணுக்கு டீ நேரம் போக்க ஒரு சாக்கு. பெண்ணுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

6. பெஞ்சு மறையும்போது

தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியான பிறகு அதன் ஓரங்களில் வேறு வகைக் கடைகள் வந்துவிட்டன. கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகையும் பித்தளை டபராவும் அவற்றின் அடையாளம். காரிலிருந்து இறங்கியவர் நின்றபடி குடிப்பதற்கேற்ற உயரமான மேசை. பல இடங்களில் பெஞ்சு கிடையாது. நகருக்குள்ளும் நின்று குடிக்கும் கடைகள் பெருகியுள்ளன. 2020 ஊரடங்கில் டீக்கடைகளைத் திறக்க முதலில் அனுமதித்தபோது பார்சல் மட்டும் என்பது அரசின் நிபந்தனை. உட்காருவதை அரசே தடை செய்த அந்த மாதங்களில் உள்ளே தூக்கிப் போட்ட பெஞ்சை, பிறகு வெளியே எடுத்துப் போடாமலே விட்ட கடைக்காரர்களும் உண்டு. அவர்கள் பக்கத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். பால் விலை, கேஸ் விலை, கடை வாடகை எல்லாம் ஏறும்போது, நடைபாதையை ஆக்கிரமித்ததாக வரும் நோட்டீஸையும் பெஞ்சுக்காக வாங்கிக்கொள்ள எவரும் விரும்ப மாட்டார்.

இந்த மாற்றத்தை இழப்பு என்று எழுதுவது எளிது, அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். என் பார்வையில் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. எல்லோரும் நிற்கும் கடையில் நிற்பது அவமானமில்லை. பெஞ்சு இருந்தவரை நின்றவர்களுக்கு, பெஞ்சை எடுத்தது ஒரு வகையில் சமன் செய்தது. யாரையும் புதிதாக உட்கார வைக்காமல், உட்கார்ந்தவர்களை எழுப்பி. பெஞ்சுக்காக ஏங்கும் கட்டுரைகளை எழுதுபவர்கள் முன்பு உட்கார்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறுபக்கம், உட்காருவதையே விற்கும் கடைகள். 1996-இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் தொடங்கிய கபே காபி டே, கணினி இணைப்போடு நேரத்தையும் சேர்த்து விலைவைத்தது. அங்கே கோப்பையின் விலையில் பெரும்பகுதி இருக்கைக்கான வாடகை என்பது வாங்குபவருக்கும் தெரியும். வாடகை கொடுப்பவர் எவராயினும் இருக்கலாம் என்பது இதன் நேர்மையான பக்கம். ஆனால் காசு மட்டுமே அளவுகோலாகும் இடத்திலும் பழைய தீர்ப்பு உள்ளே நுழைந்துவிடும் என்பதற்கு 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஸ்டார்பக்ஸ் கடையில் நடந்தது சாட்சி. ஒருவருக்காகக் காத்திருந்த இரு கறுப்பின இளைஞர்கள் எதுவும் வாங்கவில்லை என்று ஊழியர் போலீஸை அழைக்க, இருவரும் கைதானார்கள். வாங்காமல் உட்காருவது அந்த நகரில் அன்றாட வழக்கம். போலீஸை வரவழைத்தது யார் உட்கார்ந்தார் என்பதுதான். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, எதுவும் வாங்காமலும் எவரும் உட்காரலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2025 ஜனவரியில் அந்தத் தளர்வைத் திரும்பப் பெற்றது.

திண்டுக்கல்லில் இந்த இரண்டு துருவங்களுக்கும் நடுவில் வளர்ந்திருப்பது பேக்கரி. மேற்கு மாவட்டங்களைப் போலவே இங்கும் பேக்கரி என்றால் பன், பப்ஸ் மட்டுமல்ல, டீயும்தான். முன்பக்கம் பாய்லரைச் சுற்றி ஆண்கள் நிற்பார்கள். உள்ளே நான்கைந்து மேசைகள், மின்விசிறி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கேக். கல்லூரி மாணவிகள் கூட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவதை இந்த ஊரில் தெருவிலிருந்து பார்க்க முடிகிற இடம் இதுதான். இங்கே நேரத்தின் விதி இன்னும் இறுகவில்லை. இரண்டு பப்ஸும் நாலு டீயும் ஒரு மேசைக்கு எவ்வளவு நேரம் என்று கடைக்காரருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்தால் மட்டும் கண்டிப்பு வந்துவிடுகிறது. "வேற என்ன வேணும்?" என்று பத்து நிமிடத்துக்குள் இரண்டு முறை கேட்கப்படுகிறது. மாணவிகள் கூட்டத்திடம் அதே கேள்வி ஒரு முறைகூடக் கேட்கப்படாமல் இருந்திருக்கும். இரண்டு மேசையினரும் கொடுத்த காசு ஒன்றாகவே இருக்கலாம்.